என் லாரிக்கு முன்னால் ஓர் அடுப்பு

நாலைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு காணும் பொங்கல் அன்று நடந்தது இது. அரியலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்போது நான் டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றி சிமெண்ட் ஆலையில் கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை. அந்த லாரிகள் போகிற வழி எங்கள் ஊர் ஏரிக்கரைச் சாலை.

எங்கள் ஊரில் காணும் பொங்கல் என்றால் எல்லோரும் அந்த ஏரிக்கரைக்குத்தான் போவார்கள். வீட்டில் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டி எடுத்துக்கொண்டு, கரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு, குடும்பம் குடும்பமாகப் போய்ப் புளியமரங்களுக்கு அடியில் உட்காருவார்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் வீடு திரும்புவார்கள். லாரிகள் வரத் தொடங்கியதும் அது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. சாப்பாட்டைத் திறந்தால் தூசி விழும். பிள்ளைகளை ஓடியாட விட முடியாது. புளிய இலைகூட மாவு தூவியது மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கும். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. காணும் பொங்கல் என்றால் டி.வி. பார்ப்பது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் ஊர்ப் பெண்கள் சிலர் சுரங்க ஆபீசுக்கே போய்க் கேட்டார்கள். என் மனைவியும் போனாள். காணும் பொங்கல் ஒரு நாள் மட்டும் லாரியை நிறுத்துங்கள், பிள்ளைகளோடு ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கேட்டார்கள். "பாக்கலாம்" என்று பதில் வந்தது. எங்களுக்கோ, எல்லா டிரைவரும் வேலைக்கு வர வேண்டும், வராதவர்கள் மறுநாள் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

காலையில் நான் கிளம்பும்போது மனைவி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் வண்டிய எடுக்காதீங்களேன்."

"வெளயாடுறியா? நாளைக்கு என்ன பண்றது?"

அவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. "சரி, நாங்க ஏரிக்கரைக்குப் போறோம்" என்றாள். இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாளே என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

முதல் லோடு சிக்கல் இல்லாமல் போனது. இரண்டாவது லோடோடு ஏரி வளைவில் திரும்பியபோது பிரேக்கைப் போட்டு மிதித்தேன். சாலையை அடைத்துக்கொண்டு ஒரு கோலம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, செம்மண் பூசி, கரும்பும் பானையும் வரைந்திருந்தார்கள். அதற்குப் பின்னால் தார் ரோட்டின்மேல் வரிசையாகச் செங்கல் அடுப்புகள். வழக்கமாகச் சமைத்து எடுத்துத்தான் போவார்கள். அன்று அடுப்பையே கொண்டுவந்துவிட்டார்கள். முப்பது நாற்பது பெண்கள் இருப்பார்கள். பாய், குடம், கைப்பிள்ளை எல்லாம் ரோட்டிலேயே. நட்ட நடுவில் இருந்த அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் என் மனைவி. பக்கத்தில் என் மகள், புதுப் பாவாடையில்.

பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. தலையை வெளியே நீட்டிக் கத்தினேன்.

"ஏ புள்ள! என்ன இது? வழிய வுடு!"

அவள் நிதானமாக எழுந்து, கண்ணில் புகை பட்டதைத் துடைத்துக்கொண்டு, லாரி பக்கம் வந்தாள்.

"எங்க வூட்டுக்காரர்கிட்ட காலையிலயே கேட்டாச்சு. இப்ப லாரி டிரைவர்கிட்ட சொல்றேன். வண்டி இன்னிக்கு இந்த வழியா போவாது."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தது. அதற்குள் என் மகள் அங்கிருந்தே கத்தினாள். "அப்பா, வண்டிய ஆஃப் பண்ணுங்கப்பா. பொகையெல்லாம் சோத்துல வருது."

ஆஃப் பண்ணினேன். அவள் சொன்னதற்காகத்தான் பண்ணினேன், வேறு எந்தப் பெரிய எண்ணமும் அப்போது இல்லை.

கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் பைக்கில் வந்துவிட்டார். வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பெண்களைப் பார்த்து ஏதேதோ கத்தினார். யாரும் அசையவில்லை. ஒரு அம்மா பாலைப் பானையில் ஊற்றிக்கொண்டே, "தம்பி, தள்ளி நின்னு பேசுங்க, எச்சி தெறிக்குது" என்றார். சூப்பர்வைசர் நேராக என் லாரிக்கு வந்து கதவைத் தட்டினார்.

"ஸ்டார்ட் பண்ணுய்யா. மெதுவா முன்னாடி நகத்து. கிட்ட வந்தா பயந்து எந்திரிச்சு ஓடிடுவாளுங்க."

முன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். லாரியின் உயரத்தில் இருந்து பார்க்கும்போது கீழே உட்கார்ந்திருப்பவர்கள் சின்னதாகத் தெரிவார்கள். அத்தனை டன் கல்லை முதுகில் வைத்துக்கொண்டு நான் பிரேக்கில் இருந்து காலை எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எங்கள் வீட்டுப் பெண்கள் பயந்து ஓடுவதைப் பார்க்கத்தான் அவர் ஆசைப்பட்டார். அந்த ஆசைக்கு என் கால் வேண்டுமாம்.

"முடியாது சார்" என்றேன்.

"என்னய்யா முடியாது? அப்ப சாவியக் குடு. நான் எடுக்கறேன்."

சாவியை உருவிக்கொண்டு கீழே இறங்கினேன். அவர் கையை நீட்டினார். நான் அவரைத் தாண்டிப் போய், கோலத்தை மிதிக்காமல் சுற்றி நடந்து, என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடியும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்ககிட்ட கேட்டு வாங்கிக்குங்க சார்" என்றேன் சூப்பர்வைசரிடம்.

அத்தனை பெண்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் முந்தானையில் இருந்து சாவியை எப்படி வாங்குவார்? அங்கேயும் இங்கேயும் நடந்தார். போனில் யாரிடமோ கத்தினார். பின்னால் நின்ற லாரிகளில் ஒவ்வொரு இன்ஜினாக ஆஃப் ஆவது கேட்டது. டிரைவர்கள் இறங்கி வந்தார்கள். பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள், பொங்கலுக்கு வீட்டுக்குப் போகாதவர்கள். பாடாலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், "அண்ணே, எனக்கும் ஒரு எல கெடைக்குமா?" என்று என்னிடம் கேட்டார். "என்னையக் கேட்டா? நானே எனக்கு உண்டான்னு தெரியாம நிக்கறேன்" என்றேன்.

போலீஸ் ஜீப்பும் வந்தது. இறங்கிய அதிகாரி அடுப்புகள் பக்கம் வந்தார். "ஏம்மா, பொங்குனதும் எறக்கி வச்சுட்டு எந்திரிச்சிருங்க, சரியா?" என்று கேட்டார்.

என் மனைவி எழுந்து நின்று பதில் சொன்னாள். "பொங்கல் முந்தாநாளே வச்சாச்சுங்க சார். இது காணும் பொங்கல். பொழுது சாயற வரைக்கும் இங்கதான் இருப்போம். கேட்டுப் பார்த்தோம், குடுக்கல. அதான் நாங்களா எடுத்துக்கிட்டோம்."

அந்த அதிகாரி சூப்பர்வைசரைத் தனியாக அழைத்துப் போய் என்ன பேசினார் என்று தெரியாது. ஜீப் மரத்தடியில் நின்றது. யாரையும் எழுப்பவில்லை.

பானை பொங்கியபோது போட்ட குலவைச் சத்தம் ஊருக்குள் கேட்டிருக்கும்போல. அதுவரை தயங்கிக்கொண்டிருந்த ஆண்கள் கரும்பும் வாழை இலையுமாக வந்து சேர்ந்தார்கள். தார் ரோட்டில் பந்தி நடந்தது. என் லாரி நிழலில்தான் டிரைவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு பெண்கள் கும்மியடித்தார்கள், கயிறு இழுத்தார்கள். நான் மகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் ஓரம் போய், தட்டைக் கல்லைத் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகிற மாதிரி எறியக் காட்டினேன். அவள் எறிந்ததெல்லாம் தொபுக்கென்று முழுகியது. ஆனாலும் பொழுது சாயும்வரை விடவில்லை.

சாயங்காலம் கிளம்பும் முன் மனைவி முடிச்சை அவிழ்த்துச் சாவியைத் தந்தாள். "வேலைக்கு வேட்டுதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இருக்கட்டும்" என்றாள். லாரியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நடந்து வந்தேன். மறுநாள் நான் போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் சிரமப்பட்டோம். யார் வயலில் டிராக்டர் ஓட்டக் கூப்பிட்டாலும் போனேன். இப்போது பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் ஏற்றுகிற ஒரு சின்ன வண்டி ஓட்டுகிறேன். எங்கள் சாலையில் லாரிகள் இன்றும் ஓடுகின்றன, தூசியும் அப்படியே. ஆனால் அந்த வருஷத்துக்குப் பிறகு காணும் பொங்கல் அன்று ஒரு லாரிகூட அந்தப் பக்கம் வந்ததில்லை. யாரும் உத்தரவு போடவில்லை. விடிந்ததும் எங்கள் பெண்கள் செங்கலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், அவ்வளவுதான்.

"பொண்டாட்டி பேச்சைக் கேட்டு வேலைய வுட்டவன்" என்று ஊரில் இன்னும் சிலர் என்னைச் சொல்வதுண்டு. சொல்லிக்கொள்ளட்டும், பண்டிகை என்பது யாரோ பார்த்து நமக்குக் கொடுக்கிற லீவு இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வேலை போக வேண்டியிருந்தது, அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.