சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், அண்ணே

காலை ஆறரைக்குச் சென்னைப் பேருந்து என்னைக் காரைக்குடியில் இறக்கிவிட்டது. அதே சனிக்கிழமை எங்கள் அலுவலகமே கும்பலாக ஏற்காட்டுக்குப் போயிருந்தது. வராவிட்டால் உம்மணாமூஞ்சி என்று பெயர் வாங்குவாய் என மேலாளர் எச்சரித்தும் கேட்காமல் தனியாகக் கிளம்பிவிட்டேன். ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசாமல் ஊர் பார்க்க வேண்டும் என்பது வருஷக்கணக்கான ஆசை. கால் தரையில் பாவவில்லை.

வாடகைக் காருக்கு இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். ஓட்டுநர் அன்சாரி, நாற்பதைத் தாண்டியவர். சாவியைத் திருகும் முன்பே ஆரம்பித்துவிட்டார். வெயில், பெட்ரோல் விலை, மச்சானின் மூட்டுவலி. நாலைந்து கிலோமீட்டரில் கோவிலூர். குளத்துப் படியில் போய் உட்கார்ந்தேன். ஈ காக்கை இல்லை, என்ன சுகம்! பின்னாலேயே வந்து நின்றார்.

"குளத்துல மீன் கிடக்கு, பாத்தீகளா?"

பார்த்தேன். தலையாட்டினேன்.

பத்து மணிக்கு நேமத்தான்பட்டி. ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு பெரிய வீட்டைத் திறந்து காட்டினார்கள். தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளைக்கரு கலந்து வழவழவென்று பூசிய சுவர்கள், வண்ணக் கண்ணாடி வழியே தரையில் விழுந்த சிவப்பும் நீலமும். அந்தச் சிவப்பில் கால் விரலை வைத்துப் பார்த்தேன். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. என் முகவாகு அப்படி.

அன்சாரி அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, தப்பா நினைக்காதீக. வீட்டுல எதுவும் சண்டையா? ஒத்தையில வந்துருக்கீக, வாயே தெறக்க மாட்டேங்கிறீக. நம்ம வீட்டுக்கு வாங்க. பதினோரு பேரு இருக்கோம். பேசிச் சிரிச்சா மனசு லேசாயிரும்."

பதினோரு பேர்! என் ஒரு நாள் கையை விட்டுப் போகப் பார்த்தது.

"அண்ணே, எனக்கு ஒரு குறையும் இல்லை. ரொம்ப சந்தோஷமா இருக்கேன். பேசாம இருந்தாத்தான் எனக்குச் சந்தோஷம்."

உற்றுப் பார்த்தார். "அப்ப நானும் பேச வேணாமா?"

"வேண்டாம்ணே."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்தார். "தொண்டை வறண்டு போச்சு. சவுதியில எட்டு வருசம் லாரி ஓட்டுனேன். மணலும் ரோடும்தான், ராசா மாதிரி இருந்தேன். இங்க பேசலைன்னா, டிரைவர் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாருன்னு சவாரி வர்றவுக போன்ல எழுதிப்புடுறாக. இன்னொருக்க அப்படி வந்துச்சுன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு முதலாளி சொல்லிட்டாரு."

அதன் பிறகு அவர் மறந்தும் பேசவில்லை. நாச்சியாபுரம் வரை செம்மண்ணும் கண்மாயும் பனையும்தான். பார்க்க வேண்டிய இடம் வந்தால் வண்டியின் வேகத்தை மட்டும் குறைத்தார். மதியம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து கோழி வறுவலுக்கு முழு மரியாதை செலுத்தினோம். இப்படி ஒரு துணையோடு நான் ஊர் சுற்றியதே இல்லை.

இரவு எட்டு மணி, பேருந்து நிலையம். கைபேசியில் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, 'ஓட்டுநர் பேசவே இல்லை' என்று எழுதினேன். உடனே அழித்தேன். முதலாளி இதைப் புகாராக எடுத்துக்கொண்டால் அன்சாரியின் பிழைப்பு போய்விடும். முன்பின் தெரியாதவரோடு போனில் பேசுவதென்றால் எனக்குக் காய்ச்சலே வரும். ஆனாலும் முதலாளியை அழைத்தேன்.

"நம்மாளு நல்லாப் பேசிக்கிட்டு வந்தாராம்மா?"

"நல்லா ஓட்டினார். நான் பேசாம இருக்க ஆசைப்பட்டேன், புரிஞ்சுக்கிட்டார். எங்க ஆபீஸ்ல இப்படி ஒருத்தர்கூட இல்லை. அடுத்த மாசமும் வர்றேன், அவரையே அனுப்புங்க."

"நீங்கதான் இம்புட்டுப் பேசுறீகளே" என்றார் முதலாளி. "உங்களுக்குப் பேசாத ஆளு எதுக்கும்மா?"

முதலிலிருந்து விளக்கினேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்தும் விளக்கினேன். வண்டி அன்சாரியிடமே இருக்கும் என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் போனை வைத்தேன். அப்புறம் சென்னை வரும்வரை வாயே திறக்கவில்லை.