ஊமை எழுத்தும் சூடை மீனும்

1921ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி குருநகர் லூர்த்தம்மா ஒரு விதவை, வயது நாற்பத்திரண்டு, தொழில் மீன் விற்றல், எழுத்தறிவு இல்லை, ஆங்கிலம் தெரியாது. விதவை என்பதும் மீன் என்பதும் எழுத்தறிவு இல்லை என்பதும் உண்மை. வயதை, கணக்கெடுக்க வந்தவர் முகத்தைப் பார்த்து உத்தேசமாகப் போட்டுக்கொண்டார். ஆங்கிலம் தெரியுமா என்று அவர் கேட்கவேயில்லை. தலையில் மீன் கடகம் இருப்பவளிடம் அதைக் கேட்பது கேலியாகிவிடும் என்று நினைத்திருக்கலாம்.

அவளோ ஒரு சுங்கத் துரையின் வீட்டில் ஒன்பது வருடம் ஆயாவாக இருந்தவள். துரைசாணியின் ஆங்கிலம் அப்படியே அவள் காதில் தங்கிவிட்டது. துரை குடும்பம் கப்பலேறியபின் அதைப் பேச ஆளில்லை. இணுவில் ஒழுங்கைகளில் சூடை மீன் விற்க ஆங்கிலம் தேவைப்படவுமில்லை.

1924 மாசியில் ஒரு காலை, பள்ளிக்கூட வேலியோரம் போகையில், உள்ளே பிள்ளைகள் "கப்-போர்ட், கப்-போர்ட்" என்று ஒரே குரலில் கத்துவது கேட்டது. சொல்லிக்கொடுத்தவர் கதிரவேலு வாத்தியார். அச்சடித்த எழுத்தில் ஒன்றையும் வீணாக்காத மனிதர். கத்திக்குரிய ஆங்கிலச் சொல்லின் முன்னால் நிற்கும் ஊமை 'கே'யைக்கூட வாய்விட்டுப் பேச வைத்து 'க்னைஃப்' என்பார்.

லூர்த்தம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "வாத்தியார், அது கப்போர்ட் இல்லை. கபட்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஒன்பது வரியம் அதைத் துடைச்சனான்."

வகுப்பு சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. பங்குனிக் கடைசியில் வெள்ளைக்காரப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் துரை வருவதாகக் கடிதம் வந்திருந்தது. வாசிப்பு அவர் காதுக்குப் பிழைத்தால் ஆங்கில வகுப்பு மூடப்படும். வாத்தியார் வேலை போய்த் தன் ஐந்து பிள்ளைகளோடு வீட்டில் இருக்கவேண்டியதுதான்.

மறுநாள் காலை அவர் வேலியோரம் பாடப் புத்தகத்துடன் காத்துநின்றார்.

"கதைச்சுக்கொண்டு நிண்டால் மீன் பழுதாப்போம், வாத்தியார். வாங்கிக்கொண்டு கேளுங்கோ" என்றாள் லூர்த்தம்மா.

கதிரவேலு ஏழு தலைமுறையாக மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாத குடும்பம். என்றாலும் வாங்கினார். கோயில் மதிலோரத்துப் பூனைகளுக்கு அது நல்ல காலம்.

பாடத்தில் ஒரு சிக்கல் இருந்தது. சொல்லைத் தனியே கேட்டால் லூர்த்தம்மாவுக்கு வராது; துரைசாணி பிள்ளையை அதட்டிய வாக்கியத்தோடுதான் வரும். கத்தி வேண்டுமென்றால் 'கத்தியை வாயிலை வைக்காதை' முழுவதையும் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும், விரலையும் ஆட்டவேண்டும். வாத்தியாரும் விரலை ஆட்டிப் பழகினார். பதினோராம் நாள் அவருடைய 'நீ', 'நீர்' ஆகியிருந்தது.

"இத்தனை ஊமை எழுத்தையும் எப்பிடி ஞாபகம் வைச்சிருக்கிறீர்?"

"எனக்கு எழுத்தே தெரியாது, வாத்தியார். எனக்கு எல்லா எழுத்தும் ஊமைதான்."

இதற்கிடையில் ஊர் வேறொரு பாடம் படித்துக்கொண்டிருந்தது. மேற்கு வளவுப் பூரணம் மீனைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: "உவர் வாத்தியார் இப்ப மச்சம் தின்னுறாராமே?"

"நான் விக்கிறன். ஆர் தின்னுறதெண்டு மீனைத்தான் கேக்கவேணும்."

அடுத்த நாள் வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "லூர்த்தம்மா, ஊரிலை ஆருக்கும் சொல்லிப்போடாதையும்."

"எதை? மீனையோ இங்கிலீசையோ?"

வாத்தியார் கோயில் கோபுரத்தைப் பார்த்தார். பிறகு கடகத்தைப் பார்த்தார். "இங்கிலீசை" என்றார்.

இன்ஸ்பெக்டர் துரை வந்த நாளில் லூர்த்தம்மா வேலியோரம் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். மீன் பழுதாவதைப் பற்றி அன்று அவள் யோசிக்கவில்லை. துரை சப்பாத்தெல்லாம் செம்மண்ணாக வாசலில் கால் வைத்தார். பிள்ளைகள் சலசலத்தார்கள். அவர்களை அடக்க வாத்தியார் 'லிஸின்' என்று மட்டும் சொல்ல நினைத்தார். நடுவிலுள்ள ஊமை 'டீ' சத்தமில்லாமல் சுத்தமாகத்தான் வந்தது. ஆனால் லூர்த்தம்மாவிடம் படித்த வாக்கியத்தின் வாலும் கூடவே வந்தது:

"லிஸின். வைப் யுவர் ஃபீட்."

கேள், காலைத் துடை. விரலும் ஆடியது. லூர்த்தம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

துரை குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு, எப்போதோ யாரோ அதே குரலில் அதட்டிய பிள்ளையைப் போல, வாசல் சாக்கில் இரண்டு சப்பாத்தையும் நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே போனார். பிள்ளைகள் வாசித்தார்கள். 'கபட்' வந்தது, 'நைஃப்' வந்தது. துரை பதிவுப் புத்தகத்தில் எழுதியது இரண்டே வரி: உச்சரிப்பு மிக நன்று, ஆசிரியர் சுத்தத்தில் கண்டிப்பானவர்.

வகுப்பு தப்பியது. வாத்தியார் மச்சம் தின்கிறார் என்ற கதை தப்பாமல் அவர் சாகும்வரை நிலைத்தது, அவரும் மறுக்கவில்லை. அடுத்த குடிசன மதிப்பில் லூர்த்தம்மாவை ஒரு தலை என்று மட்டும் எண்ணிக்கொண்டு, வேறொன்றும் கேட்காமல் போனார்கள்.

1924ஆம் ஆண்டு மாசியிலும் பங்குனியிலும் இருபத்தாறு காலைகள், இணுவிலில் ஒரு வேலியோரம் நின்று, லூர்த்தம்மா ஓர் ஆங்கில ஆசிரியருக்கு எண்பத்தொரு ஆங்கிலச் சொற்களின் உச்சரிப்பைக் கற்பித்தாள்.