தம்பி சட்டையில் மொய்த்த மாப்பிள்ளைகள்

என் தம்பிக்குப் பெண் கிடைக்காமல் வருஷக்கணக்கில் அலைந்தோம். பையன் எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "மாந்தோப்புங்களா? பொண்ணு விவசாயம் வேண்டாங்குதுங்க" என்று போனை வைத்துவிடுவார்கள். மாம்பழம் மட்டும் இனிக்குதாக்கும்! கடைசியில் காரிமங்கலத்துப் பக்கம் ஒரு வீட்டில் வரச்சொன்னார்கள். "இதுவும் தட்டிப்போனா இனி என்னை எங்கியும் கூட்டிட்டுப் போவாதக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் தம்பி கிளம்பினான்.

வழியில் எங்கள் தோப்பைப் பார்த்ததும், "ஒரு நிமிசம்க்கா" என்று இறங்கிவிட்டான். பழ ஈக்குப் பொறி கட்டவாம். ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மருந்தில் ஊறிய கட்டை. அந்த வாசனைக்கு ஈ தேடிவந்து உள்ளே விழுந்து சாகும். கையுறை போடச்சொல்லி அதிலேயே எழுதியிருக்கிறது. தம்பியோ வெறுங்கையால் கட்டிவிட்டு, புதுச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். முகர்ந்து பார்த்தேன், லவங்க வாசனை. "மணமாத்தான் இருக்குது, வாடா" என்றேன். நேரமாகிவிட்டதே!

பெண் வீட்டைச் சுற்றியும் மாமரங்கள். வாசலில் நாற்காலி போட்டு மிக்சர் வைத்தார்கள். முதலில் தம்பி சட்டைப்பையில் ஒரு ஈ உட்கார்ந்தது. அப்புறம் நெஞ்சில், தோளில், மொய்க்க ஆரம்பித்துவிட்டது. என்மேல் ஒன்றுகூட இல்லை. பெண்ணின் அப்பா நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். பெண்ணின் அத்தை பக்குவமாகக் கேட்டார்: "தம்பிக்குச் சக்கரை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

உங்க தோப்பு ஈக்கு நாங்களா பொறுப்பு என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. தம்பி தலைகுனிந்தபடி எழுந்திருக்கப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகையே வந்தது.

அந்த நேரத்தில்தான் பெண் காப்பியோடு வந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். சட்டையைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"பொறி கட்டிட்டு வந்தீங்களா?"

"ஆமாங்க."

"வெறுங்கையிலயா?"

"ஆமாங்க."

உள்ளே போய் லவங்கத்தை நசுக்கி ஒரு தட்டில் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். ஒரு ஈயும் அசையவில்லை.

"நம்ம மூக்குக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வாசனைங்க அத்தை. ஆனா ஆம்பள ஈயோட உணர்கொம்புல அந்த மருந்துக்குன்னே அளவெடுத்த மாதிரி ஒரு குழி இருக்குது. மருந்தோட மூலக்கூறு அதுல கச்சிதமா உக்காரும். லவங்கத்துல இருக்கறதுக்கு ஓரத்துல ஒரு சின்ன அணுக்கொத்து குறைச்சல். வடிவம் மாறிடுது, சரியா உக்கார மாட்டேங்குது."

"அப்ப இதெல்லாம் ஆம்பளையா?" என்றார் அத்தை.

"அத்தனையும் ஆம்பளைங்க. இதைத் தின்னுட்டுப் போனாத்தான் பொம்பள ஈ மயங்கற வாசனை அதுங்களுக்கு நல்லா வரும். பொண்ணு பாக்கக் கெளம்பின மாப்பிள்ளைங்க!"

பெண்ணின் அப்பாவே வாய்விட்டுச் சிரித்தார். அப்போதுதான் தம்பி முதல்முறையாகத் தலையைத் தூக்கினான். வீடு, வாசல், வரும்படி ஏதாவது பேசுவான் என்று பார்த்தால், "பாவக்கா பந்தல்லயும் இதைத்தானுங்க கட்டினேன், ஒண்ணும் விழலையே?" என்கிறான். தொடையில் கிள்ளினேன், நகர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

"அங்க வர்றது வேற ஈங்க. அதோட குழியும் வேற. அதுக்கு வேற மருந்து வாங்கணும்" என்று அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஈயைப் பற்றியே பேசினார்கள். காப்பி ஆடை கட்டிவிட்டது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

கிளம்பும்போது அவள் அப்பா, "என்னம்மா சொல்ற?" என்று எங்கள் எதிரிலேயே கேட்டுவிட்டார்.

"சரின்னு சொல்லிடுங்கப்பா."

அத்தை விடுவாரா? "ஏண்டி, நீயும் வாசனையில மயங்கிட்டியா?"

அவள் தம்பியைப் பார்த்தபடியே சொன்னாள்: "அதுக்கு ஆம்பள ஈதான் மயங்கும் அத்தை. நான் ஆளைப் பாத்துத்தான் சொல்றேன்."