இடுப்பால் மூடும் கதவு

ஸ்பிரிங் பட்டறையில் அவளுக்குச் சுருள் என்று பெயர். முடியால் வந்த பெயரல்ல. அவள் முடி ஈர்க்குச்சி மாதிரி நேராக இருக்கும். எதைக் கையில் எடுத்தாலும் அதற்குள் ஸ்பிரிங் எங்கே இருக்கிறது என்று தேடுவாள். பேனாவைக் கொடுத்தால் எழுதுவதற்கு முன் கழற்றிப் பார்ப்பாள். பட்டறைக்கு வந்த புதிதில் பெட்டியில் அடுக்குகிற வேலைதான். ஒரு நாள் மேஸ்திரியிடம் போய், அமுக்கினால் அமுங்குகிறது, விட்டால் பழையபடி எழுந்துவிடுகிறதே, அது ஏன் என்று கேட்டாள். அதற்கு வேறு வேலை இல்லை என்றார் மேஸ்திரி. அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. மறுநாளும் கேட்டாள். கொஞ்ச நாளில் அவளை மெஷினில் போட்டுவிட்டார். அந்த இரைச்சலில் கேள்வி யார் காதிலும் விழாது. மெஷினின் ஒவ்வொரு முனகலுக்கும் என்ன அர்த்தம் என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஏன் என்று கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

கல்யாணம் ஒரு ரொட்டிக்காரரோடு. ரொட்டி விற்பவர் இல்லை, சுடுபவர். ஊர் தூங்கும்போது அடுப்பு முன்னால் நிற்கிற உத்தியோகம். காலையில் அவள் சாப்பாட்டுப் பையோடு படி இறங்கும்போது அவர் மாவு படிந்த சட்டையோடு படி ஏறுவார். இவர்கள் குடித்தனம் படிக்கட்டில்தான் நடக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேலி பேசுவார்கள். சாயங்காலம் வரை அவர் தூங்க வேண்டும்.

வீடு இரண்டே அறை. ஒன்றில் கட்டில். மற்றதில் சமையல், சாப்பாடு, போன வருஷத்திலிருந்து தையலும். ரொட்டிக்காரரின் தங்கை தையல்காரி. குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று மெஷினோடு வந்து சேர்ந்தாள். அண்ணி, அண்ணி என்று ஒட்டிக்கொள்வாள். வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. இரண்டு அறைக்கும் நடுவே இருப்பது செங்கல் சுவரல்ல, பிளைவுட் தடுப்பு. அந்தத் தடுப்பில்தான் அலமாரி. நூல்கண்டு, பித்தான், லைனிங் துணி, டீத்தூள், சர்க்கரை எல்லாம் அதற்குள். நாத்தனார் நாள் முழுக்க அதைத் திறப்பாள், மூடுவாள். மூடும்போதெல்லாம் ‘டப்’. தடுப்புக்கு அந்தப் பக்கம் ரொட்டிக்காரரின் தலை. தையல் மெஷின் அவரை எழுப்பாது. அது மழை மாதிரி ஒரே சீராகப் பெய்யும். நடுவில் விழுகிற இடிதான் எழுப்பும்.

அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிறகு ஒரு நாள் பேக்கரியில், நின்றபடியே கண் சொக்கி, தட்டை இழுக்கப் போன கை அடுப்பு வாயின் விளிம்பில் படிந்துவிட்டது. முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து வந்தது. முதலாளி நல்ல மனுஷன். மருந்து போட்டுவிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் அடுப்பில் நிறுத்த மாட்டேன், பாக்கெட் போடுகிற மேஜைக்குப் போய்விட வேண்டியதுதான் என்றார். ரொட்டிக்காரர் அதை வீட்டில் சுருக்கமாகச் சொன்னார்.

“என்னைப் பாக்கெட் போடச் சொல்லுவாங்க போல.”

சொல்லிவிட்டுக் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுப்பை எடுத்துவிட்டால் அந்த மனிதரிடம் மிச்சம் இருப்பது என்னவென்று சுருளுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசையும் இல்லை.

அலமாரியை வேறு சுவருக்கு மாற்றலாம் என்றால், ஒரு சுவரில் ஜன்னல், ஒன்றில் தொட்டி, ஒன்றில் வாசல். கட்டிலைத் திருப்பிப் போட்டால் அறைக்கதவு திறக்காது. தலையணையைக் கால்மாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ‘டப்’ அங்கேயும் வந்தது. கதவே வேண்டாம் என்று கழற்றினால் எலி லைனிங் துணிக்குள் குடும்பம் நடத்தியது. சும்மா சாத்திவைக்கவும் முடியாது. தரை ஒரு பக்கம் சரிவு. பிடிப்பு இல்லாவிட்டால் கதவு தானே திறந்துகொண்டு நாத்தனாரின் நெற்றியைத் தேடி வரும். மெதுவாக மூடு என்று அவளிடம் சொன்னார்கள். அரை மணி நேரம் பூப்போல மூடுவாள். அப்புறம் இரண்டு கையிலும் துணி இருக்கும், கதவை இடுப்பால் இடித்துவிடுவாள்.

“கைக்குச் சொல்லி வெச்சுடலாம் அண்ணி. இடுப்புக்கு எப்படிச் சொல்றது?” என்றாள்.

விடுமுறை நாளில், ரொட்டிக்காரர் முடிவெட்டப் போயிருந்தபோது, சுருள் அவர் கட்டிலில் படுத்துத் தடுப்பில் காதை வைத்துக்கொண்டாள். நாத்தனாரை விதவிதமாக மூடச் சொன்னாள். கையால், முழங்கையால், இடுப்பால். எப்படி மூடினாலும் ‘டப்’ ஒரே அளவுதான் கேட்டது. இது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. எழுந்து போய் ஒரு விரலால் கதவை மெல்லத் தள்ளினாள். ஒரு விரல்கடை மிச்சம் இருக்கும் வரை கதவு அவள் சொன்னபடி கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. உள்ளே இருந்த காந்தம் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. கதவு சட்டத்தில் போய் மோதியது. பிளைவுட் முழுக்கத் தப்பட்டை மாதிரி அதிர்ந்தது.

இத்தனை நாள் பழி இடுப்பின் மேல். அறைந்தது காந்தம். அதைச் சொன்னதும் நாத்தனார், என் இடுப்பிடம் எல்லாரும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள்.

அப்படியானால் கதவைப் பிடிக்க வேண்டும், இழுக்கக் கூடாது. அது எப்படி என்று சுருள் பட்டறைக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தாள். மதிய இடைவேளையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் எஃகுப் பட்டையை வெட்டி, நடுவில் மேடு வருகிற மாதிரி வளைத்தாள். பட்டையின் ஒரு நுனி அலமாரியின் அடித்தட்டில் திருகப்பட்டிருக்கும். கதவின் உட்புறம் சின்னதாக ஒரு மர முளை. கதவு வரும்போது முளை மேட்டை அமுக்கிக்கொண்டு ஏறித் தாண்டும். தாண்டியதும் பட்டை எழுந்து அதன் பின்னால் நின்றுகொள்ளும். திறக்கும்போது அதே மேட்டில் ஏறித் திரும்ப வேண்டியதுதான். சாவி இல்லை, குமிழ் இல்லை. பழுதாவதற்கென்று இன்னொரு பாகம் இல்லை.

ஒரு மரப்பெட்டிக்குக் கதவு வைத்து அதில் மாட்டி, மெஷின் பக்கத்தில் வைத்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒரு தடவை திறந்து மூட வேண்டும் என்பது உத்தரவு. மேஸ்திரி வந்து பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள். அப்புறம் எதற்கு மூடுகிறாய் என்று கேட்டுவிட்டு அவரும் மூடிப் பார்த்தார்.

முதல் பட்டை வளைவில் விரிசல் விட்டது. மூலை மாதிரி மடித்ததால் பாரம் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்திருந்தது. வளைவை அகலமாக்கினாள். வளைத்த எஃகுக்குள் ஒரு முறைப்பு தங்கியிருக்கும்; மிதமான சூட்டில் வைத்து எடுத்தால்தான் அது அடங்கும், பட்டை நாள்படத் தாங்கும். பட்டறைச் சூளையை ஆர்டர் வந்தால்தான் மூட்டுவார்கள். ரொட்டி வேகிற சூடே இதற்குப் போதும் என்று அவளுக்குத் தெரியும். படிக்கட்டில் எதிரே வந்த ரொட்டிக்காரரிடம் நான்கு பட்டைகளைக் கொடுத்தாள்.

“எவ்வளவு நேரம் வைக்கணும்?”

“ஒரு ரொட்டி வேகற நேரம்.”

“சின்ன ரொட்டியா, பெரிய ரொட்டியா?”

பெரியது என்றாள். மறுநாள் காலை அதே படியில் பட்டைகள் திரும்பி வந்தன. நான்கும் ஒரே மாதிரி வைக்கோல் நிறத்தில் இருந்தன. நடுவில் ஒரு தடவை புரட்டிப் போட்டதாகச் சொன்னார். அதற்கு அவசியமில்லை, அவள் அதைச் சொல்லவில்லை.

காந்தத்தைக் கழற்றிவிட்டுப் பட்டையை மாட்டியதும் கதவு மூச்சுவிடாமல் மூடியது. தடுப்பில் காதை வைத்தாலும் ஒன்றுமே கேட்கவில்லை. சுருள் அன்று இரண்டு டம்ளர் டீ குடித்தாள்.

ஒரு வாரம் கழித்து ரொட்டிக்காரர் கண் சிவந்து எழுந்து வந்தார். முன்பு இருந்ததே தேவலை என்றார். சுருளுக்கு நம்ப முடியவில்லை. மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தாள். நாத்தனார் நூல் எடுத்தாள், கதவை இடுப்பால் தள்ளினாள். கதவு சத்தமில்லாமல் மூடியது. நாத்தனார் நகரவில்லை. திரும்பிப் பார்த்தாள். துணியைக் கீழே வைத்துவிட்டு வந்து உள்ளங்கையால் கதவை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். தடுப்பு முழுக்க அதிர்ந்தது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

“மூடித்தானே இருந்துது? எதுக்குத் தட்டுற?” என்று சுருள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“மூடியிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும் அண்ணி?”

“பாத்தாத் தெரியாதா?”

“பாத்துட்டே இருந்தா நான் எப்பத் தைக்கிறது? முன்னெல்லாம் அது டப்புன்னு சொல்லும், நான் என் வேலையைப் பாத்துட்டுப் போயிடுவேன். இப்ப வாயே திறக்க மாட்டேங்குது. அழுத்தக்காரப் பிறவி. நம்பவே முடியல.”

சுருள் அந்த மரப்பெட்டியை நினைத்துக்கொண்டாள். பட்டறையில் எத்தனையோ பேர் மூடிப் பார்த்தார்கள். ஒருவரும் இப்படிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அவர்கள் எல்லாரும் நாள் முழுக்க ஸ்பிரிங்கோடு புழங்குகிறவர்கள். மேடு தாண்டியது அவர்கள் விரலுக்குத் தெரியும். தெரிகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. விரலுக்கு அது தெரியாத ஒருவரிடம் அவள் கேட்கவே இல்லை.

நாத்தனார் மெஷினுக்குத் திரும்பியிருந்தாள். அடிநூல் தீர்ந்ததால், அதைச் சுற்றிவைக்கும் பாபினை மாற்றினாள். கண் ஜன்னலுக்கு வெளியே யாரையோ பார்த்துக்கொண்டிருந்தது. கை மட்டும் தட்டுக்கு அடியில் போய் வந்தது. பார்க்காமல் எப்படி மாட்டுகிறாய் என்று சுருள் கேட்டாள்.

“இதைப் போய்ப் பாப்பாங்களா? சின்னதா முரண்டு பிடிக்கும், அப்புறம் பொசுக்குனு விழுந்து உக்காரும்.”

“சத்தம் வருமா?”

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். வந்தாலும் கேட்டதில்லை என்றாள்.

சுருள் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பாபினைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். தைக்கக் கொடுத்த ஒரு அம்மா ஜாக்கெட் வாங்க வந்து, ஒரு பெண் மெஷினுக்கு அடியில் கண் மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று நாத்தனாரிடம் கிசுகிசுத்தாள். பட்டறைக்காரங்க அப்படித்தான் என்று பதில் வந்தது.

முரண்டு, பிறகு விழுதல். அவளுடைய மேட்டில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பான சரிவு. முளை ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. ஏறுகிற பக்கம் நீளச் சரிவாகவே இருக்கட்டும். இறங்குகிற பக்கம் செங்குத்தாக இருக்க வேண்டும். ஆனால் அப்படி விழுகிற கதவு சட்டத்தில் மோதினால் பழைய ‘டப்’ திரும்பி வரும். எனவே விழுந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் வைத்து, பள்ளத்துக்கு அப்பால் பட்டையின் நுனியை விரல் மாதிரி மேலே வளைத்துவிட்டால், முளை அதில் சாய்ந்து நின்றுவிடும். கதவு சட்டத்தைத் தொடவே தொடாது.

முதலில் செய்ததில் பள்ளம் ஆழமாகிவிட்டது. நாத்தனார் இரண்டு கையாலும் இழுத்துத் திறந்துவிட்டு, டீத்தூள் எடுக்கக் குஸ்தி போட வேண்டுமா என்று கேட்டாள். அடுத்ததில் ஆழம் போதவில்லை. கையால் மூடினால் தெரிந்தது, இடுப்பால் மூடினால் தெரியவில்லை. சுருள் மறுபடி மறுபடி வளைத்தாள். ரொட்டிக்காரர் மறுபடி மறுபடி சுட்டுக்கொண்டு வந்தார். பேக்கரியில் அவரை, உன் வீட்டுப் பிஸ்கட் எப்போதான் வேகும் என்று கேட்டார்களாம். ஒரு விடுமுறை நாளில் சுருள் நாத்தனாரை இரண்டு கையிலும் துணியோடு, கண்ணை மூடி நிற்கச் சொல்லி, இடுப்பால் தள்ளச் சொன்னாள்.

நாத்தனார் தள்ளினாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

“உக்காந்துடுச்சு” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

அடுத்த நாள் சாயங்காலம் சுருள் வீட்டுக்கு வந்தபோது ரொட்டிக்காரரின் செருப்பு வாசலில் கிடந்தது. இந்நேரம் அவர் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் எங்கே என்று கேட்டாள். நாத்தனார் மெஷினை நிறுத்தினாள். தானாக எழுந்து வருவாரே என்று தைத்துக்கொண்டே இருந்துவிட்டதாகச் சொன்னாள். அவர் என்றைக்குத் தானாக எழுந்தார் என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

“இருங்க, எழுப்பிடறேன்” என்று நாத்தனார் அலமாரிக்குப் போனாள். கதவை அகலத் திறந்து ஓங்கி அறைந்தாள். கதவு வேகமாக வந்தது, மேட்டில் தயங்கியது, பொசுக்கென்று உட்கார்ந்தது. சத்தமே இல்லை. இன்னொரு தடவை, இன்னும் பலமாக. அதேதான். அவள் கதவைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

சுருள் உள்ளே போனாள். ரொட்டிக்காரர் மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. தழும்பு விழுந்த கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. இப்படித் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. அவர் தூங்கும் நேரத்தில் அவள் வீட்டில் இருந்ததும் குறைவு. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு அவர் பாதத்தைப் பிடித்து அசைத்தாள்.

கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தவர், வெளிச்சத்தைப் பார்த்தார். பொழுது எங்கே போனது என்று அவருக்குப் புரியவில்லை.

“கதவைக் கழட்டிட்டீங்களா?” என்று கேட்டார்.

“போய்ப் பாருங்க.”

முகம் கழுவாமலே போனார். அலமாரிக் கதவைத் திறந்தார். உள்ளே குனிந்து பட்டையைப் பார்த்தார், ஒரு விரலால் அமுக்கினார். எழுந்து நின்று கதவைக் கையால் மூடினார். பிறகு சற்றுத் தள்ளி நின்று, கூச்சத்தோடு, இடுப்பால் தள்ளினார். பஸ் போயிடும் அண்ணா என்றாள் தங்கை. அவர் தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் கதவைத் திறந்தார்.