மருந்தை விட்ட பேச்சியம்மாள்

போன திங்கட்கிழமை ஒரு டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கினேன். அதுவும் எனக்கில்லாத நோய்க்கு!

எங்கள் தெருப் பேச்சியம்மாளுக்கு ஆறு மாதமாக விடாத இருமல். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கணவர் லாரி லோடோடு வெளியூர் போயிருந்ததால், விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு நான் துணைக்குப் போனேன்.

டாக்டரம்மா சென்னைக்காரர், ஊருக்குப் புதுசு. “மருந்து ஏதும் உண்டா?” என்று கேட்டார்.

“மருந்தை விட்டு மூணு வருசமாச்சும்மா. இப்பத் தொடுறதே இல்லை” என்றார் பேச்சியம்மாள், பெருமையாக.

வந்ததே கோபம்! கூட வந்த நீங்களாவது சொல்லக்கூடாதா என்று எனக்கும் சேர்த்து அர்ச்சனை. சிவகாசிப் பக்கம் மருந்து என்றால் பட்டாசுக்குள் செலுத்துகிற வெடிமருந்து... இதைப் புரியவைப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்கிவிட்டது. மூன்று பேரும் சிரித்தோம்.

சரி, இப்போது என்ன வேலை என்று விசாரித்தார்.

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்திக்கொண்டிருந்த பேச்சியம்மாள், பக்கத்து அறை வெடித்ததும் பயந்து வேலையிலிருந்து நின்றுவிட்டார். இப்போது செங்கல் கம்பெனி. அனல்மின் நிலையத்திலிருந்து லாரியில் வரும் சாம்பலைச் சலித்து, சிமென்ட் கலந்து, அச்சில் போட்டுக் கல் எடுக்கிற வேலை. மூக்கில் துணிகூடக் கட்டுவதில்லை. எதற்குக் கட்ட வேண்டும்? சாம்பல் வெடிக்கவா போகிறது? பாத்திரம் தேய்க்க நல்லதென்று வீட்டுக்கும் ஒரு பை கொண்டுவந்து வைத்திருக்கிறாராம்!

எக்ஸ்ரே எடுத்து வந்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. இது விறகுச் சாம்பல் இல்லை, நிலக்கரிச் சாம்பல். கண்ணுக்குத் தெரியாத பொடி நுரையீரலில் போய்த் தழும்பாகிவிடும், அந்தத் தழும்பு ஆறாது என்றார். அனல்மின் நிலையப் புகைபோக்கி வழியாகக் காற்றில் கலப்பதும் இதே பொடிதானாம். இன்றோடு வேலையை விடச் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரண்ட் கட் எரிச்சலில், இன்னும் நாலு அனல்மின் நிலையம் கட்டினால் என்ன என்று போன மாதம் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் எழுதியவன் நான். நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். எரித்த சாம்பல் எங்கே போகிறது என்று நாம் யாராவது கேட்டோமா? வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில், வேலையை விட்டுவிடுவீர்கள்தானே என்று கேட்டேன். விட்டால் பழையபடி பட்டாசுக்குத்தான் போக வேண்டும், வேறென்ன இருக்கிறது என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ரொம்ப நேரம் இருமினார். பிறகு, கத்தரிக்காய் விலை விசாரிக்கிற குரலில் கேட்டார் —

“ரெண்டுல எது மெதுவாக் கொல்லும்னு அந்த டாக்டரம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுதீகளா அண்ணாச்சி? மக பத்தாவது முடிக்க இன்னும் மூணு வருசம் கெடக்கு.”