மூன்று தடவை வராதவர்

நீங்கள் எழுதியதை, நீங்கள் போன பிறகு யார் வாசிக்கப்போகிறார் என்று ஒருநாளாவது யோசித்திருக்கிறீர்களா? கோகுலன் யோசிக்கவில்லை. அதனால் குருநகரில் ஒரு வீட்டு வாசலில் செத்தவீட்டுப் பந்தல் எழும்பியது.

உதயகலாவுக்கு முப்பத்துநான்கு வயது. தினமும் உரும்பிராயிலிருந்து ஸ்கூட்டியில் யாழ்ப்பாணம் போகிறாள். அங்கே ஒரு தரும அமைப்பு நடத்தும் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில், சிறுநீரக நோயாளருக்கு முறை ஒதுக்கும் கணினி நிரலைப் பராமரிப்பது அவள் வேலை. அந்த நிரலை எழுதியவன் கோகுலன். அவளுடைய ஒழுங்கையில் சில வீடு தள்ளி இருந்தவன், கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன், நாலு வருடத்துக்கு முன் கனடா போய்விட்டவன். போகும்போது வீட்டுச் சாவிகளை, திறப்புக் கோர்வையாக, உதயகலாவின் தாயிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஒவ்வொரு திறப்பிலும் ஒரு மட்டைத்துண்டு கட்டியிருந்தது: ‘கிணற்று மோட்டர் அறை’, ‘பின்கதவு, தூக்கித் திறக்கவும்’. நிரலில் அப்படி ஒரு மட்டையும் இல்லை. உள்ளே அவன் வைத்த குறிப்பெயர்களெல்லாம் ஒற்றை எழுத்துகள். பத்து வரியில் விளங்கச் சொல்லவேண்டியது ஒரே வரியில் முறுக்கிக் கிடந்தது.

சேர்ந்த மாதமே அவள் நிலையப் பொறுப்பாளர் கனகலிங்கத்திடம் கேட்டாள்.

“சேர், எனக்கு ரெண்டு மாதம் தாங்கோ. இதை ஆர் வாசிச்சாலும் விளங்கிற மாதிரித் திருத்தி எழுதிறன்.”

“ஓடிக்கொண்டிருக்கிற வாகனத்திலை ஏன் எஞ்சினைக் கழட்டிறீர்? கோகுலன்ரை மூளை எனக்கு எட்டேல்லை எண்டு நேரை சொல்லும்.”

விளங்காமல் எழுதியவன் மேதை. விளங்கவில்லை என்று சொன்னவள் மொக்கு. இந்த நீதி கந்தோர், அலுவலகம் எங்கும் இன்னும் வாழ்கிறது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது. பேசியவர் பிலிப்பு, குருநகரைச் சேர்ந்த ஐம்பத்தெட்டு வயதுக் கடற்றொழிலாளி. இரண்டு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் வந்து போகிறவர்.

“பிள்ளை, என்ரை பேர் லிஸ்டிலை இல்லையாம். இருந்து ரத்தம் சுத்தம் செய்யிற கதிரையும் இல்லையாம். உயிரோடை இருக்கேக்கையே என்னை எடுத்துப்போட்டியள் போல.”

“ஐயோ ஐயா, ஏதோ பிழை நடந்திட்டுது. வெள்ளிக்கிழமைக்குப் போட்டுவிடுறன்.”

“போடு பிள்ளை. கால் வீங்கிப்போச்சு. வள்ளங்கள் வைச்சிருக்கிற சம்மாட்டியார் மாதிரி அசைஞ்சு அசைஞ்சு நடக்கிறன்.”

பெயரைப் போட்டாள். திரையில் நின்றது. வெள்ளி காலை, நிரல் அன்றைய பட்டியலைத் தானாகத் தயாரித்தபோது மறுபடி காணாமற்போனது. கனகலிங்கத்திடம் ஓடினாள்.

“கடதாசியிலை எழுதியாவது அவரைக் கதிரையிலை ஏத்துங்கோ, சேர்.”

“கொம்பியூட்டர் குடுக்காத ஆளை நான் எப்பிடி ஏத்திறது? எல்லாக் கதிரைக்கும் ஆள் இருக்கு. திங்கள் பாப்பம்.”

கணினி என்ன அசரீரியா? ஒரு மனிதன் ஒரு பின்னேரம் இருந்து தட்டிய வரி. அந்த வரிக்கு முன்னால் பிலிப்புவின் வீங்கிய காலும், கூட வந்திருந்த அவர் மனைவி கத்தரீனாவின் கெஞ்சலும் எடுபடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்படி உதயகலா சொல்லிப் பார்த்தாள். “செவ்வாயிலை வெள்ளி எண்டாய். இப்ப திங்கள் எண்டினம். திங்கள் வரைக்கும் இருப்பம்” என்று பிலிப்பு எழும்பிப் போனார்.

அன்றும் மறுநாளும் அவள் நிரலை வரிவரியாகப் பிரித்தாள். கோகுலனுக்கு அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை. ஞாயிறு காலை, நானூற்றுப் பன்னிரண்டாவது வரியில் அது அகப்பட்டது. வராத நாட்களை நிரல் எண்ணிக்கொண்டே போகிறது. மூன்று ஆனதும் பெயரை வெட்டிவிடுகிறது. ஆள் திரும்ப வந்தாலும் எண்ணிக்கை ஒருபோதும் பூச்சியத்துக்குத் திரும்புவதில்லை. ஏன் மூன்று? ஒரு சொல்லும் இல்லை. வரியை நீக்கி, திங்களுக்குப் பெயரை இட்டு, பிலிப்புவின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“விடியப்பூசை மணி அடிக்கேக்கை மூச்சு நிண்டிட்டுது, பிள்ளை” என்றாள் கத்தரீனா.

பின்னேரம் கனடாவிலிருந்து கோகுலன் தொலைபேசி எடுத்தான்.

“ஓ, அதோ? அந்த நேரம் பேரைப் பதிஞ்சுபோட்டு வெளிநாட்டுக்குப் போறவைதான் கனபேர். மூண்டுதரம் வரேல்லையெண்டா ஆள் போயிட்டுது எண்டு வைச்சன். ஏன் கலா?”

“அதை ஒரு வரியிலை எழுதி வைச்சிருக்கலாமே, அண்ணை.”

“எழுத என்ன கிடக்கு? எனக்குத் தெரியும்தானே.”

“திறப்புக்கெல்லாம் மட்டை கட்டிக் குடுத்தனியள்.”

“அது வீடெல்லே.”

பிலிப்பு எந்த வெளிநாட்டுக்கும் போனவரில்லை. அவரிடம் பாஸ்போட்டே கிடையாது. இரண்டு வருடத்தில் அவர் வராத நாட்கள் மூன்று: யாக்கோபர் திருவிழாவன்று, பஸ் ஓடாத ஒருநாள், கடைசியாக, அந்தச் செவ்வாய்க்கு முந்திய வெள்ளி, மகள் ஜெசிதாவுக்குப் பிள்ளை பிறந்த அன்று.

பிலிப்புவின் சாவைப் பற்றி நிலையம் நடத்திய விசாரணையின் அறிக்கையில், நிரலில் கடைசியாகக் கைவைத்தவர் என்று உதயகலாவின் பெயர் மட்டும் இருந்தது. கோகுலனின் பெயரும் இல்லை, கனகலிங்கத்தின் பெயரும் இல்லை. திருத்தி எழுத அனுமதியும் இல்லை. இனி ஒரு வரியையும் தொடக்கூடாது என்று கடிதம் வந்தது. தினமும் காலையில் அவள் அன்றைய பட்டியலை எடுத்து, தன் கொப்பியில் கையால் எழுதிவைத்த நோயாளர் பெயர்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கிறாள். அவளால் செய்யக்கூடியது அவ்வளவுதான். நிரலின் அடிப்பகுதியில், அந்த மூன்றைப்போலவே விளக்கமில்லாமல் பதினொன்று என்றொரு இலக்கம் நிற்கிறது. கோகுலனிடம் கேட்டாள். மறந்துபோனானாம். பதினொன்று ஆனதும் யாருக்கு என்ன நடக்கும் என்று இப்போது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

நீங்களும் ஏதோ ஒன்றை எழுதி வைத்துவிட்டு எங்கேயோ போகப்போகிறவர்தான். இன்றைக்கே அதைத் திறவுங்கள். ஏன் இப்படிச் செய்தேன் என்று, அறியாத ஒருவருக்கும் விளங்கும்படி அதில் ஒரு வரி எழுதிவையுங்கள்.