செய்தி வாசிப்பவர் நின்ற இடம்

செக் நாட்டு பிர்னோ நகரத்து டிராம் பணிமனையில் ரதானாவுக்கு முப்பத்தொரு வருடச் சேவை. டிராம் சக்கரத்தில் ஓரிடம் தேய்ந்து தட்டையானால் ஓடும்போது தட்டும். எந்தச் சக்கரம் என்று பார்க்க மற்றவர்கள் வண்டியைக் குழிமேல் ஏற்றி விளக்கடித்துத் தேடுவார்கள். ரதானா சாண்ட்விச்சை மென்றுகொண்டே, "பின்பக்கம், இடது, ரெண்டாவது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். அவள் சொன்னது தப்பியதாகப் பணிமனையில் யாருக்கும் நினைவில்லை.

அப்பேர்ப்பட்ட காது ஞாயிற்றுக்கிழமையானால் செல்லாக் காசு. ஸ்டீரியோ பைத்தியம் பிடித்த ஐந்து பேர் ஞாயிறுதோறும் கூடும் சங்கம் ஒன்று இருந்தது. அவளைத் தவிர நால்வரும் ஆண்கள். தலைவர் அலோயிஸ், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். ஊரிலேயே நுட்பமான காது தன்னுடையதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ரதானா வாயைத் திறந்தால், "டிராம் சத்தம் வேற, இசை வேறம்மா" என்பார். எட்டு வருடமாக அவர் அதையே சொன்னார். எட்டு வருடமாக அவளுக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது.

இந்த வசந்தத்தில் அவள் பழைய ஸ்பீக்கர்களைக் கழித்துவிட்டு உயர்தரமாக ஒரு ஜோடி வாங்குவது என்று முடிவுகட்டினாள். ஆறு கோடைகாலம் கடற்கரைக்குப் போகாமல் சேர்த்த பணம். கடைக்காரர் ஒரே விலையில் இரண்டு ஜோடிகளை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்: தரையில் நெஞ்சுயரம் நிற்கும் பெரியது ஒன்று, ஸ்டாண்டில் வைக்கும் சின்னது ஒன்று. திங்கட்கிழமை ஒன்று திரும்பிப் போக வேண்டும்.

எதை வைத்துக்கொள்வது என்பது அவள் கையில் இல்லை. சங்கத்துச் சட்டம் அப்படி. யார் எதை வாங்கினாலும் திரைக்குப் பின்னால் வைத்து எல்லோரும் கேட்டு, சீட்டெழுதி, அதிகச் சீட்டு விழுந்ததைத்தான் வாங்க வேண்டும். வீட்டுக்காரருக்கும் ஒரே சீட்டுதான். முன்கூட்டிக் கேட்டுப் பார்க்கவும் கூடாது. திரைக்குப் பின்னால் ஒயர் மாட்டுவது எப்போதும் அலோயிஸ். மாட்டியவருக்கு எது எதுவென்று தெரியுமே, அவர் எப்படிச் சீட்டெழுதலாம் என்று எவரும் கேட்டதில்லை. தலைவர் என்றால் அதெல்லாம் கேட்கக் கூடாது.

ஞாயிறு மதியம் நால்வரும் வந்து ஷூவைக் கழற்றி வீட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு, கசகசா ரொட்டியைக் காலிசெய்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஒரு பெண் பாடும் இசைத்தட்டு சுழன்றது. சுவிட்ச் 'ஒன்று', பிறகு 'இரண்டு', மறுபடி 'ஒன்று'. சீட்டைப் பிரித்தால் 'ஒன்று'க்கு நாலு. 'இரண்டு'க்கு ரதானாவின் ஒரே ஒரு சீட்டு.

"என்ன விசாலம். சுவரே இல்லாத மாதிரி இருக்கு" என்றார் அலோயிஸ்.

"பாடுறவ எங்க நிக்குறா தலைவரே?" என்று கேட்டாள் ரதானா.

"எல்லா இடத்துலயும் நிக்குறா. அதைத்தாம்மா விசாலம்னு சொல்றோம்."

"ஒரு பொம்பளை ஒரே நேரத்துல எல்லா இடத்துலயும் நிக்க முடியுமா? பணிமனையிலயும் அடுப்படியிலயும் நான் நிக்குறது வேற கதை. ஒன்னாம் நம்பர்ல ஒரு ஸ்பீக்கருக்கு ஒயர் மாறியிருக்கு. ஒன்னு முன்னால தள்ளும்போது இன்னொன்னு பின்னால இழுக்குது."

நால்வரில் ஒருவரான கசாப்புக் கடைக்காரர் ஹினெக் கையிலிருந்த பீரைக் கீழே வைத்தார். அலோயிஸின் முகம் சிவந்தது. "முப்பது வருஷமா ஒயர் மாட்டுறேன். தப்பு இருந்தா தலைவர் பதவியை உங்களுக்கே கொடுத்துடுறேன். இல்லேன்னா நாலு சீட்டு விழுந்ததை மறுபேச்சில்லாம வாங்கிக்கணும். இனிமே காதைப் பத்திப் பேசவும் கூடாது."

ரதானா யோசித்தாள். தோற்றால் பிடிக்காத ஸ்பீக்கரோடு மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும். அதைவிட, வாயை மூடிக்கொண்டு ஓட்ட வேண்டும். ஆனால் கேட்டதைக் கேட்கவில்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"சரி" என்றாள். ரேடியோவைப் போட்டு, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்படி மோனோ பொத்தானை அழுத்தினாள். ஒரே ஆள் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். 'இரண்டு' வைத்தாள். குரல் திரைக்கு நட்டநடுவில், ஆளே உட்கார்ந்திருப்பதுபோல் வந்தது. 'ஒன்று' வைத்தாள். நடுவிலிருந்த ஆளைக் காணோம். குரல் காதோரமும் பிடரியிலும் அலைந்தது. ஹினெக் தன்னை மறந்து பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"எங்க போனாரு இந்த ஆளு?" என்றார்.

ரதானா போய்த் திரையை இழுத்துவிட்டாள். 'ஒன்று' பெரிய ஜோடி. அதற்கு மட்டும் அலோயிஸ் தன் வீட்டிலிருந்து விரல் தடிமனில் இரண்டு கேபிள் கொண்டுவந்து மாட்டியிருந்தார், சொந்தக் கையால் செய்தது. வலது கேபிளை அவள் நுனியிலிருந்து நுனிவரை பிடித்துப் பார்த்தாள். ஒரு முனையில் சிவப்பு உறை போட்ட கம்பி மறுமுனையில் கறுப்பு உறைக்குள் இருந்தது.

அலோயிஸ் முழங்காலிட்டு அதையே வெகுநேரம் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ஹினெக் மட்டும் சிரிப்பை அடக்க ஒரு ரொட்டியை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

கம்பியை மாற்றி மறுபடி போட்டார்கள். பாடகி நடுவில் வந்து நின்றாள். கூடவே பேஸ் என்னும் கனத்த கீழொலியும் வந்தது. அந்தச் சின்ன அறையில் அது அடித்த அடியில் அலமாரிக் கோப்பைகள் கலகலத்தன, பாட்டு அமுங்கிப்போனது. ஒரு கம்பி மாறியதால்தான் இத்தனை நேரம் அந்த இரைச்சல் காணாமல் போயிருந்தது. இனித் திரை எதற்கு? சின்ன ஜோடிக்கு மாற்றினாள். கோப்பைகள் அடங்கின. பாடகி மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. மறுபடி சீட்டெழுதினார்கள். ஐந்தும் 'இரண்டு'. அலோயிஸின் சீட்டிலும் அதுதான், கொஞ்சம் கோணல் எழுத்தில்.

ரதானாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுகை வந்தது, அடக்கவும் இல்லை. அந்தப் பாட்டை முழுதாக இன்னொரு முறை போட்டாள்.

கிளம்பும்போது மற்றவர்கள் மாடிப்படி இறங்கிவிட்டார்கள். அலோயிஸ் மட்டும் வாசலில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். பிறகு நிமிராமலே பேசினார்.

"தலைவரே, அந்தக் கேபிள்தான் என் வீட்டுல பதினோரு வருஷமா ஓடுது. அடுத்த ஞாயிறு கொஞ்சம் வந்து கேக்குறீங்களா?"